வரம்பு வெட்டிய வீடு

எங்கள் வீட்டுக் கூடத்தை உடைக்கத் தொடங்கிய காலையில் முதல் அடியை நான்தான் அடித்தேன். மேசன் பாஸ் சம்மட்டியை என் கையில் தர மனமில்லாமல் கொஞ்ச நேரம் நின்றார். ஓட்டமாவடியிலிருந்து வருபவர். நான் தொழில் தொடங்கிய காலத்திலிருந்து என் வரைபடங்களில் பெரும்பாலானவை அவர் கையால்தான் சுவராகவும் தரையாகவும் ஆகியிருக்கின்றன. அந்தக் கூடத்தின் படிகளைக் கட்டியவரும் அவர்தான். சீமெந்தைத் தேய்த்துத் தேய்த்து முகம் தெரியும்படி மினுக்கியவரும் அவர்தான்.

“மிஸ், நல்லா யோசிச்சீங்களா? ஒடச்சிட்டுப் பொறகு ஒட்ட ஏலா.”

“யோசிச்சுத்தான் பாஸ். தாங்க.”

தந்தார். நடுப்படியின் விளிம்பில் அடித்தேன். ஒரு சில்லு மட்டும் தெறித்தது. மறுபடி அடித்ததும் வெடிப்பு விழுந்தது. அதற்குப் பிறகு அவர் சம்மட்டியை வாங்கிக்கொண்டு, “இனி நான் பாக்கன், நீங்க அங்கால நில்லுங்க” என்றார்.

நான் உள்ளக வடிவமைப்பாளர். வீட்டுக்குள் எது எங்கே இருக்க வேண்டும், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழ வேண்டும், கை நீட்டினால் என்ன அகப்பட வேண்டும் என்று தீர்மானிப்பது என் வேலை. ஊரில் ‘வீடு வடிவாக்குற மிஸ்’ என்றால்தான் தெரியும். நான் தொடங்கியபோது இதற்கெல்லாம் ஒருவருக்குக் கூலி கொடுப்பதா என்று கேட்டவர்கள்தான் அதிகம். அவர்களுடைய மனதை மாற்றியது என் பேச்சு அல்ல, என் வீட்டுக் கூடம்.

எங்கள் காணி வாவிக்கரையில் இருக்கிறது. மாரியில் வாவி ஏறும் என்பதால் இந்தப் பக்கம் எல்லோரும் நிலத்தை உயர்த்தித்தான் வீடு கட்டுவார்கள். நானும் நன்றாக உயர்த்தினேன். முன்வாசலுக்கு ஏற அகலமான படிக்கட்டு. வாசலைத் தாண்டியதும் மூன்று படி கீழே இறங்கும் கூடம். அதன் முடிவில் சுவருக்குப் பதிலாகக் கண்ணாடி, கண்ணாடிக்கு அப்பால் வாவி. ஒவ்வொரு படியாக இறங்கும்போது தண்ணீர் நம் கண் மட்டத்துக்கு ஏறி வருவதுபோல இருக்கும். பார்க்க வந்தவர்கள் கதைத்துக்கொண்டிருந்த கதையை விட்டுவிட்டு நிற்பார்கள். அந்த நிற்பிலேயே எனக்கு வேலை கிடைத்துவிடும். காத்தான்குடியில் வீடுகள், பாசிக்குடாவில் விடுதிகள் என்று பல இடங்களுக்கு அந்தப் படிகள்தான் என்னைக் கொண்டுபோயின. அது நல்ல வேலை. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

என் கணவர் விவசாயப் போதனாசிரியர். செங்கலடிக்கு அங்கால் உள்ள வயல் வட்டைகளில்தான் அவருடைய நாள் கழியும். வயலுக்கு நடுவே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு வரம்பில் நடந்துபோவார். பூச்சி விழுந்த பயிரைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து என் வரைபட மேசையில் வைப்பார். அதற்காக நாங்கள் சண்டை பிடிக்காத கிழமை இல்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இரண்டு பேரும் வேலையில் மூழ்குகிறவர்கள். அதனால் வீடு அமைதியாகவும் இருந்தது, எப்போதும் குப்பையாகவும் இருந்தது.

ஒரு நாள் பொழுது சாயும் நேரம் அவர் செங்கலடியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார். வெளிச்சமில்லாத இடத்தில் றோட்டின் நடுவே எருமை ஒன்று படுத்திருந்தது. இருட்டோடு இருட்டாகக் கிடந்த அதை அவர் காணவில்லை. தலையில் ஹெல்மட் இருந்ததால் உயிர் தப்பியது. முதுகெலும்பு தப்பவில்லை. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது.

கொழும்பில் பெரிய சத்திரசிகிச்சை நடந்தது. அதன் பிறகு, இப்படி அடிபட்டவர்களைப் பழக்கும் இடம் ஒன்றில் பல மாதங்கள் இருந்தோம். அங்கே அவர் பழகிய வேகத்தைப் பார்த்து எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தானாகவே மாறுவார். தானே குளிப்பார், உடுப்பார், தேத்தண்ணிக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு நீளமான விறாந்தையில் உருட்டிப் போய் மற்ற நோயாளிகளோடு அரசியல் கதைப்பார். ‘இனிப் பயமில்லை, வீட்டுக்குப் போகலாம்’ என்று நாங்கள் இருவரும் நம்பித்தான் வந்தோம்.

வீட்டு வாசலில் அந்த நம்பிக்கை நின்றுபோனது. வான் கேற்றடியில் நின்றதும் அயலவர்கள் ஓடிவந்தார்கள். நாலு பேர் அவரைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு படியேறினார்கள். ஒருவர் கால் தடுமாறியதில் கதிரை ஒரு பக்கம் சரிய, என் கணவர் பக்கத்தில் நின்றவரின் கழுத்தைக் கட்டிப்பிடித்தார். உள்ளே போனால் கூடத்துக்கு இறங்க ஏலாது. குளியலறைக் கதவுக்குள் கதிரை நுழையாது. குசினி வாசலில் ஒரு நிலைப்படி, பின்வாசலில் இன்னொன்று. வாசலுக்குப் பக்கத்தில் விருந்தாளிகளுக்கென்று நான் செய்திருந்த சின்ன அறையில் அவரை விட்டோம். கொழும்பில் விறாந்தை முழுக்க ஓடித் திரிந்த மனிதர் சொந்த வீட்டில் அந்த அறைக்குள் அடங்கிப்போனார். குளிக்க என்னுடைய தோளும் பக்கத்து வீட்டுக்காரருடைய தோளும் வேண்டியிருந்தது. பார்க்க வந்தவர்களிடம் சிரித்துக் கதைத்தார். அவர்கள் போனதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வீடு கட்டுவது என் தொழில். அந்த வீட்டை மாற்றத் தெரியாமல் நான் ஏன் அழ வேண்டும்?

உடனே வரைபடம் போட்டேன். சின்ன அறையைப் பெரிதாக்கி, அதற்குள்ளேயே குளியலறை, கைபிடிகள், உயரம் மாற்றும் கட்டில், என்னைக் கூப்பிட ஒரு மணி, பராமரிக்க வருகிறவருக்கு ஒரு கதிரை என்று எல்லாம் இருந்தது. கூடத்தில் கை வைக்கவில்லை. நிறம் தீட்டி, அவருடைய மடியில் விரித்து வைத்தேன். அவர் அவசரப்படாமல் பார்த்தார். விரலால் ஒவ்வொரு கோடாகத் தொட்டுக்கொண்டு போனார்.

“வடிவாத்தான் கீறியிருக்காய்.”

“பிறகு?”

“இது வீடு இல்லப்பா. வாட்டு. ஆஸ்பத்திரியில என்னை விட்டுட்டு நீ வீட்ட போற மாதிரி இரிக்கு.”

அவர் சொன்னது சரி. அந்த வரைபடத்தில் நோயாளி ஒருவர் இருந்தார், என் கணவர் இல்லை. வேலை கேட்டு வருகிற எவரிடமும் நான் முதலில் கேட்பது, ‘காலையில எழும்பினதில இருந்து என்ன செய்வீங்க, எங்க போவீங்க?’ என்பதைத்தான். அதை இவரிடம் கேட்கவே இல்லை. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

“சரி, சொல்லுங்க. உங்களுக்கு என்ன வேணும்?”

“ஒண்டும் பெரிசா வேணாம். காலையில எழும்பி, குளிச்சு, தேத்தண்ணி ஊத்திக் குடிச்சு, கேற்றத் திறந்துகொண்டு வேலைக்குப் போகணும். ஒராளும் என்னைத் தூக்கப்படா. நீயும்தான்.”

“அப்படியெண்டா கூடத்தை மூடவேணும். எல்லாத் தரையும் ஒரே மட்டத்துக்கு வரவேணும்.”

அதைச் சொன்னதும் அவருடைய முகம் மாறியது. “அது வேணாம்” என்றார். “கூடத்தில கை வைக்காத. ஆக்கள் அதைப் பாக்கத்தானே வாறாங்க. இது உன்ட வீடு. எனக்காக அதை உடைக்காத.”

எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். காணி எனக்குச் சீதனமாக வந்தது, கல்யாணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். இத்தனை வருடத்தில் அவர் ஒரு நாளும் ‘உன்ட வீடு’ என்று சொன்னதில்லை. அன்றைக்குத்தான் சொன்னார். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் அந்தச் சொல்லையே நான் பிடித்துக்கொண்டேன்.

“என்ட வீடுதானே? அப்ப நான் உடைப்பன்.”

அவர் என்னைப் பார்த்தார். கொழும்பிலிருந்து வந்த பிறகு முதன்முறையாகச் சத்தமாகச் சிரித்தார்.

மறுநாள் அயலவர்களைக் கொண்டு அவரைக் கூடத்துக்குக் கீழும் மேலும் தூக்கி வைத்து, வீடு முழுக்கச் சுற்றினோம். கையில் ஒரு சோக்குக் கட்டி கொடுத்தேன். எங்கே சக்கரம் தடுக்கிறதோ அங்கே தரையில் கோடு போடச் சொன்னேன். நான் பக்கத்தில் முழந்தாளிட்டு அளவெடுத்தேன். கதவுகள், நிலைப்படிகள், குளியலறையின் மேடு, அலுமாரிக்கும் கட்டிலுக்கும் இடைப்பட்ட ஒடுக்கம் என்று எல்லா இடத்திலும் வெள்ளைக் கோடு விழுந்தது.

“இஞ்ச கதிரை கிறுகாது. பின்னால எடுத்துத்தான் திருப்பவேணும்” என்பார். கோடு போடுவார். கடைசியில் நடு வீட்டில் கதிரையை நிறுத்திச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “வீடு முழுக்க வரம்பு கட்டி வைச்சிருக்காய் புள்ள. இது என்ன, வயலா?”

“அப்ப வரம்ப வெட்டுவம்.”

“வெட்டு” என்றார்.

அப்படித்தான் அந்தக் காலையில் சம்மட்டி என் கைக்கு வந்தது.

கூடத்தை நிரப்ப மண் வந்து இறங்கிக்கொண்டிருந்த கிழமையில் ஒருவர் தேடி வந்தார். கட்டாரில் நெடுங்காலம் இருந்துவிட்டு வந்து வாவிக்கரையில் வீடு கட்டுகிறவர். யாரோ ஒருவருடைய கையடக்கத் தொலைபேசியில் எங்கள் கூடத்தின் படத்தைப் பார்த்திருக்கிறார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் புழுதியையும் மண் குவியலையும் கண்டு திகைத்துப்போய் நின்றார்.

“மிஸ், இதத்தானே எனக்கும் வேணும் எண்டு வந்த நான். என்ன இப்பிடிச் செஞ்சிட்டீங்க?”

காரணத்தைச் சொன்னேன். வருத்தப்பட்டார். பிறகு, “அப்ப எனக்கு அதே மாதிரி ஒண்டு கீறித் தாங்களன்” என்றார்.

“கீறித் தரலாம். அதுக்கு முதல் இஞ்ச முடியட்டும். இத விட நல்லா ஒண்டு வரும், வந்து பாருங்க. பார்த்த பிறகும் படிதான் வேணுமெண்டா படி கீறித் தாறன்.”

அவர் காத்திருக்கவில்லை. வேறொருவரிடம் போய்விட்டார் என்று பிறகு அறிந்தேன். உள்ளே வேலை செய்துகொண்டிருந்த பாஸ் என்னைவிடக் கவலைப்பட்டார். எனக்குக் கவலை வரவில்லை. இதைவிட நல்லதாக ஒன்று வரும் என்று நான் சும்மா சொல்லவில்லை. அதற்கான வரைபடம் அப்போதே என் மேசையில் இருந்தது.

பழைய கூடம் நடந்து வருகிறவர்களுக்குச் செய்தது. இறங்கி வருகிற காலை நம்பித்தான் அதன் அழகு இருந்தது. புதியதை உட்கார்ந்திருப்பவருக்காக வரைந்தேன். தரை உயர்ந்த பிறகு அவருடைய கதிரையை நடுவில் நிறுத்தி, நான் அதில் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணாடியின் குறுக்குச் சட்டம் சரியாக வாவியின் மேல் விழுந்து தண்ணீரை மறைத்தது. நின்று பார்த்தால் அது தெரியவே தெரியாது. சட்டத்தைக் கழற்றி மேலே ஏற்றினேன். உயரமான சோபாக்களை விற்றுவிட்டு, கதிரை மட்டத்துக்குத் தாழ்ந்த, பதிவான இருக்கைகள் செய்வித்தேன். வருகிறவர்கள் எல்லோரும் அவருடைய கண்ணுக்கு நேரே இருந்து கதைக்கும்படி செய்தேன். ஒருவரும் குனிந்து பார்த்து நலம் விசாரிக்க வேண்டியதில்லை.

குளியலறைதான் எல்லாவற்றிலும் கடினம். வாசலில் மேடு இருக்கக் கூடாது, ஆனால் தண்ணீர் வெளியே வரவும் கூடாது. தரையை ஒரு மூலைக்குச் சாய்க்க வேண்டும், அந்தச் சாய்வில் கதிரை தானாக உருண்டு போகவும் கூடாது. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பு பாஸ் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். என் கணவர் வாசலில் இருந்தபடி அந்தத் தண்ணீரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாஸ், அந்த மூலையில நிக்குது.”

“எங்க சேர்? நல்லாத்தானே ஓடுது.”

“பாருங்க, கைபிடிக்குக் கீழ. இன்னொரு வாளி ஊத்துங்க.”

ஊற்றினார்கள். நின்றது. பாஸ் தலையைச் சொறிந்துகொண்டு, அங்கிருந்து தண்ணீர் ஓடும்படி தரையைச் செதுக்கினார். மறுபடி ஊற்றச் சொன்னார் இவர். மறுபடியும் செதுக்கினார்கள். பின்னேரம் வரை இது நடந்தது. வட்டைக்குள் நின்று, வாய்க்காலை இந்தப் பக்கம் திருப்பு, அந்த மடையை அடை என்று கத்துகிற அதே குரல். அந்தக் குரலை நான் கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டிருந்தது. குசினியில் நின்ற நான் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

குசினிக்கு வேறொரு சண்டை நடந்தது. அம்மா களுதாவளையில் என் தங்கையோடு இருக்கிறார். வேலை எப்படிப் போகிறதென்று பார்க்க பஸ் ஏறி வந்தவர், குசினி மேடையில் பாதியை இடித்துப் பதிவாகக் கட்டியிருப்பதைக் கண்டுவிட்டார். மேடைக்குக் கீழே அலுமாரி ஒன்றும் இல்லாமல், முழங்கால் நுழைய வெறுமையாக விட்டிருந்தேன்.

“இது ஆருக்கு?”

“அவருக்கு, அம்மா. அவர் இதில வைச்சுத் தேத்தண்ணி ஊத்துவார், சமைப்பார்.”

“மருமகன் சமைக்கிறதா?” அம்மா குரலைத் தாழ்த்தினார், அவர் பக்கத்து அறையில் இருந்தார். “உனக்கு மூளை பிசகிப் போச்சா? ஏலாத மனிசன அடுப்படியில விட்டுட்டு நீ ஊர் சுத்தப் போறியா? சனம் என்னகா சொல்லும்?”

நான் வாயைத் திறப்பதற்குள் கதிரை உருளும் சத்தம் கேட்டது. அவர் குசினி வாசலுக்கு வந்துவிட்டார். அங்கே நிலைப்படி இல்லை, அதனால்தான் வந்துவிட்டார்.

“மாமி, நீங்க இரிங்க. நான் தேத்தண்ணி ஊத்துறன்.”

கேத்தலில் தண்ணீர் பிடித்து, மடியில் வைக்காமல் மேடையிலேயே நகர்த்தி அடுப்பில் ஏற்றினார். சீனிப் போத்தலும் தேயிலைப் பேணியும் அவருடைய கைக்கெட்டும் தட்டில் இருந்தன. அம்மா உட்காரவில்லை. பக்கத்தில் நின்று, சுடுதண்ணீர் அவருடைய காலில் ஊற்றிவிடுமோ என்று பதறிக்கொண்டிருந்தார். தேத்தண்ணி வந்தது. அம்மா ஒரு வாய் குடித்தார்.

“சாயம் கூடிப்போச்சு” என்றார்.

“நாளைக்குக் குறைச்சு ஊத்துறன் மாமி.”

அம்மாவின் மனம் அதோடு மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். இன்றைக்கும் அவர் வந்தால் மருமகனைக் குசினிக்குள் விடமாட்டார். ஆனால் அவர் இல்லாத நாட்களில் எங்கள் வீட்டில் மீன் குழம்பு, எங்கள் சொல்லில் ஆணம், வைப்பது என் கணவர்தான். திரளி மீன் கிடைத்தால் என்னைச் சட்டிக்குப் பக்கத்திலேயே அண்டவிடார். அவருடைய ஆணத்தில் புளி எப்போதும் ஒரு பிடி அதிகம். நான் சொல்வேன், அவர் கேட்பதில்லை.

முன்வாசல் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாய்வுப் பாதையும் போட வேண்டியிருந்தது. வீடு உயரம், அதனால் பாதையும் நீளம். நேராக இறக்கினால் றோட்டில்தான் போய் முடியும். பாஸ் செங்குத்தாக இறக்கிவிடலாம் என்றார். நான் விடவில்லை. வாசலிலிருந்து வலப்பக்கம் திரும்பி, குசினி யன்னலுக்குக் கீழாக, முருங்கையைச் சுற்றி, மல்லிகைப் பந்தலுக்குள்ளால் போய்க் கேற்றடியில் இறங்கும்படி வளைத்தேன். நடுவில் மூச்சு வாங்க ஒரு தட்டை இடம், அங்கே நிழல். இப்போது நடக்கக்கூடியவர்களும் படி ஏறுவதில்லை. எல்லோரும் அந்த வழியால்தான் வருகிறார்கள். நான் இதுவரை செய்தவற்றில் ஒன்றைக் காட்டச் சொன்னால், கூடத்துக்கு முன் இந்தப் பாதையைத்தான் காட்டுவேன்.

பின்பக்கம் வாவிக்குப் போகும் பாதையை அவர் கேட்கவில்லை. அது என் ஆசை. கண்ணாடிக்கு உள்ளேயிருந்து பார்த்தால் போதுமா, தண்ணீருக்குப் பக்கத்தில் போகட்டுமே என்று சீமெந்தில் வழுவழுப்பாக ஒரு சரிவு இறக்கினேன். மாரி தொடங்கியிருந்தது. தூறல் விட்ட ஒரு காலையில் அவர் தனியாக அதில் இறங்கினார். நான் குசினியில் இருந்தேன். ‘ஆ’ என்று ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், கதிரை கரைச் சேற்றில் சரிந்து கிடக்கிறது. அவர் அரை உடம்பு தண்ணீருக்குள், நாணல் பற்றைக்குப் பக்கத்தில் இருக்கிறார். சரிவில் இறங்க ஓடினேன்.

“வராத!” என்று கத்தினார். “கிட்ட வராத! நானே ஏறுறன்!”

நின்றேன். அப்படி நிற்பதற்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்தது என்பது எனக்குத்தான் தெரியும். அவர் கைகளை ஊன்றிப் பின்பக்கமாக நகர்ந்தார். சேறு வழுக்கியது. மறுபடி நகர்ந்தார். கதிரையின் கைபிடியைப் பிடித்தார், அது அவரோடு சேர்ந்து இன்னும் கொஞ்சம் சரிந்தது. தோணியில் போய்க்கொண்டிருந்த ஒருவர் துடுப்பை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார். இவர் அவருக்கும் கையைக் காட்டி வேண்டாம் என்றார். மறுபடி மழை பிடித்தது. முகமெல்லாம் சேறு, கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டார். இன்னும் ஒருமுறை முயன்றார். பிறகு நிறுத்தினார்.

“சரி” என்றார். “இப்ப வா.”

போனேன். தோணிக்காரரும் கரைக்கு வந்தார். இரண்டு பேருமாகத் தூக்கி இருத்தினோம். அவர் நேரே குளியலறைக்குப் போனார். குளித்து உடுத்து வந்த பிறகு, என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் காத்திருந்தேன்.

“அந்தச் சீமெந்த வழுவழுப்பா விட்டது ஆரு?”

“நான்தான். வடிவா இரிக்குமெண்டு.”

“நல்ல வடிவு. வாவிக்குள்ள போய்ப் பார்த்திட்டு வந்திட்டன்.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அடுத்த வெயில் நாளில் பாஸைக் கூப்பிட்டு அந்தச் சரிவின் மேல் புதிதாகச் சீமெந்து போட்டு, அது காயும் முன் கயிற்றைக் குறுக்குக் குறுக்காக அழுத்தி வரி விழச் செய்தேன். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி நட்டேன். கரையில் முடியும் இடத்தில் சக்கரம் தட்டி நிற்க ஒரு தடுப்பும் வைத்தேன். அது அழகாக இல்லை. அதில் அவர் ஒவ்வொரு பின்னேரமும் இறங்கித் தூண்டில் போடுகிறார்.

மழைக்காலம் முடிந்ததும் அவர் வேலைக்குத் திரும்பினார். அலுவலகத்தில் அவருக்காக வாசலில் ஒரு சாய்வு போட்டிருந்தார்கள். வயலுக்குப் போக ஏலாது, ஆனால் வயல்காரர்கள் அவரைத் தேடி வருகிறார்கள். பின்னுக்கு இரண்டு சக்கரம் பூட்டிய ஸ்கூட்டரை அவரே ஓட்டிக்கொண்டு போகிறார். முதல் நாள் காலையில் நான் வெளியே வரக் கூடாது என்று சொல்லியிருந்தார். நான் உள்ளே நிறப் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு நிறத்தையும் பார்க்காமல் இருந்தேன். குளியலறைக் கதவு, கேத்தல், பாதையில் சக்கரம், கேற். பிறகு ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம். எந்த வீட்டை முடித்துச் சாவியைக் கொடுத்தபோதும், எந்த விருதை வாங்கியபோதும் வராத பெருமை எனக்கு அன்றைக்கு வந்தது.

வீட்டைப் பார்க்க இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். முன்பு வந்தவர்கள் அல்ல. பக்கவாதம் வந்த தாயை வைத்திருப்பவர்கள், முழங்கால் ஏலாமல் படியேற முடியாதவர்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து இங்கேயே வயதாக நினைப்பவர்கள். ஏறாவூரிலிருந்து வந்த ஒரு பெண் குளியலறையை மட்டும் பார்த்துவிட்டு, கூடத்தைத் திரும்பியும் பார்க்காமல், “எங்கட வீட்டுக்கும் இதே மாதிரி வேணும் மிஸ்” என்றார். அவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுவது என் கணவர்தான். நான் சொல்வதைவிட அவர் சொன்னால் நம்புகிறார்கள். வேலை முன்பைவிடக் கூடியிருக்கிறது. என் வரைபடங்கள் சாப்பாட்டு மேசை வரைக்கும் பரவிவிட்டன.

போன மாதம் அந்த மேசையில் ஆணச் சட்டியை வைக்க இடமில்லாமல் அவர் கையில் சட்டியோடு கதிரையில் காத்திருந்தார். நான் அவசரமாக ஒன்றை வரைந்துகொண்டிருந்தேன், எழும்பவில்லை.

“இஞ்ச பார்” என்றார். “நீ மேல ஒரு அறை கட்டு.”

“என்னத்துக்கு?”

“உன்ட வேலைக்கு. மேல எண்டா வாவி பாலம் வரைக்கும் தெரியும். காத்தும் வரும்.”

“மேலயா? உங்களுக்கு ஏற ஏலாதே. கீழயே ஒரு பக்கத்தில கட்டுவம்.”

“எனக்கு ஏன் ஏறணும்? அது உனக்கு. நாள் முழுக்க உன்னைச் சுத்தி என்ட கதிரைச் சத்தம், என்ட வானொலிச் சத்தம், என்ட ஆக்கள்ற சத்தம். நீ போய் இரிக்கிறதுக்கு வீட்டில ஒரு இடம் வேணும். நான் வராத இடம்.”

நான் வேண்டாம் என்றேன். வீட்டில் அவர் போக முடியாத ஒரு மூலையும் இருக்கக் கூடாது என்று இவ்வளவும் செய்துவிட்டு, நானே படி கட்டுவதா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்தது.

“நான் போகாத இடமெண்டா உலகத்தில எவ்வளவோ இரிக்கு. அதில ஒண்டில நீ இரி. நான் கீழ இருந்து கூப்பிடுறன், கேட்டா வா, கேக்காட்டி விடு. இப்ப இந்தக் கடதாசிய எடு, கை சுடுது.”

எடுத்தேன். சட்டியை வைத்துவிட்டுச் சாப்பிட்டோம். ஆணத்தில் புளி கூடியிருந்தது.

ஒரு கிழமை எனக்குள் வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் இரக்கமும் இல்லை, தியாகமும் இல்லை. தனக்குக் கேற்றைத் தாண்டிப் போக ஓரிடம் வேண்டும் என்று அவர் என்னிடம் கேட்டார். எனக்கும் அப்படி ஓரிடம் வேண்டும் என்று நான் கேட்காமல் இருந்ததை அவர் கண்டுவிட்டார், அவ்வளவுதான். குசினிக் கூரைக்கு மேல் அந்த அறையை வைத்தேன். மூன்று பக்கம் யன்னல், கிழக்கே நீளமான மேசை, வெளிப்பக்கமாகச் சுற்றி ஏறும் ஒடுக்கமான படி. வரைந்து முடித்து அவரிடம் காட்டினேன். ஏறும் படியின் அளவைப் பார்த்து, “கொஞ்சம் அகலமாப் போடு, நீ எப்பவும் கையில எதையாவது தூக்கிக்கொண்டுதான் ஏறுவாய்” என்றார். அகலப்படுத்தினேன்.

பாஸ் அடுத்த கிழமை வேலை தொடங்குகிறார்.